இஸ்தோப்பும் காம்பராவும்

ஒரு மென்பொருளின் நிரலை எங்கே வைப்பது என்று யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. நிரல் சேமிக்கும் இணையத்தளமான கிட்ஹப் என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், தேத்தண்ணி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். அதன் பயனர் கையேட்டை எங்கே வைப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். விக்கி வேண்டும், அப்போதுதான் எல்லோரும் எழுதுவார்கள் என்பார் ஒருவர். நிரலோடு சேர்த்து வைக்காவிட்டால் ஆறு மாதத்தில் கையேடு ஒரு பக்கம், செயலி ஒரு பக்கம் என்று போய்விடும் என்பார் இன்னொருவர். கூகுள் டாக்ஸில் பாதி எழுதியாயிற்றே என்று மூன்றாவது ஆள் மெதுவாக நினைவூட்டுவார். மூவர் சொல்வதும் சரிதான். ஒருவராவது தவறாகப் பேசினால் சண்டை எப்போதோ தீர்ந்திருக்கும்.

ஆளாளுக்குச் சரியாகப் பேசியும் தீராத இந்த வழக்கு ஏன் தீரவில்லை என்பது வெகுநாள் உறுத்தல். பெரிய நிறுவனங்களின் திட்டங்களுக்கு எழுதப்பட்ட ஒப்பீட்டு அட்டவணைகள் இங்கே உதவுவதில்லை. அவற்றில் இருக்கும் ஆட்கள் எல்லோருக்கும் மடிக்கணினி உண்டு, மேசை உண்டு, அறுந்துபோகாத இணையம் உண்டு. இலங்கை மலையகத்தில் ஒரு திட்டத்துக்குக் கையேடு எழுதப்போகிறவர்களையும் அதைத் திருத்தக்கூடியவர்களையும் வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

பேச்சுக்கு ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எடுத்த தேயிலைக் கொழுந்தின் நிறையை அன்றன்றைக்கு ஃபோனில் பதிந்துவைத்து, முழுப்பேர் (முழுநாள் கூலி), அரைப்பேர் (அரைநாள் கூலி) எத்தனை என்று கூட்டி, மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ஒரு சின்னச் செயலி. நிரல் எழுதுகிறவர்கள் நாலைந்து பேர். கண்டியிலோ கொழும்பிலோ வேலை, கையில் கணினி. கையேட்டில் இருக்கும் பிழையைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் இவர்கள் இல்லை. செக்ரோல் (தோட்டத்து வரவுப் பதிவேடு) பார்த்துப் பழகிய கணக்கப்பிள்ளை, ஏ/எல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை, சங்க ஆபீஸில் சேமலாப நிதிப் பாரங்களை நிரப்பிக் கொடுக்கும் அக்கா. இவர்களுக்கு இருப்பது ஒரு ஃபோன். சில வீடுகளில் அந்த ஒரு ஃபோனும் மூன்று பேருக்குப் பொது. லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடுகளுக்குள்) ஒரு கோடு சிக்னல், கோயில் வளைவில் மூன்று கோடு. ரீலோட் தீர்ந்தால் சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு இடமும் எங்கே உடைகிறது

கூகுள் டாக்ஸை முதலில் சொல்லிவிடலாம், ஏனென்றால் முக்கால்வாசிக் கையேடுகள் அங்கேதான் பிறக்கின்றன. ஃபோனில் திறக்கும், தமிழ் ஒழுங்காகத் தெரியும், பரிந்துரை முறையில் விட்டால் யாரும் மூலத்தைக் கெடுக்காமல் திருத்தம் சொல்லலாம். உடையும் இடம் உரிமை. அந்த ஆவணம் ஒரு தனியாளின் கணக்கில் கிடக்கிறது. அவர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய், அந்தக் கணக்கை மறந்தார் என்றால், இரண்டு ஆண்டு பயன்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கணக்கோடு கையேடும் போகும். 2024 முதல் மார்க்டவுனாக (எளிய குறிகள் கொண்ட எழுத்துக் கோப்பாக) இறக்கிக்கொள்ளும் வசதி இருப்பதால் வெளியேறுவது முன்பைவிடச் சுலபம். ஆனால் யார் எந்த வரியை ஏன் மாற்றினார் என்ற வரலாறு கூடவே வராது.

கிட்ஹப்பின் விக்கி பலருக்கும் பிடிக்கும், திட்டத்தின் பக்கத்திலேயே ஒரு தாவலாக இருப்பதால். மூன்று விஷயம் தெரிந்துகொண்டு அதற்குள் போக வேண்டும். ஒன்று, அது நிரல் களஞ்சியத்துக்குள் இல்லை, தனியாக ஒரு கிட் களஞ்சியம் (கிட் என்பது கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி). நிரலை நகலெடுத்தவர் விக்கியையும் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார், எடுத்திருக்க மாட்டார். இரண்டு, விக்கிக்குப் புல் ரிக்வெஸ்ட் கிடையாது, அதாவது திருத்தத்தை முன்வைத்து ஒப்புதல் கேட்கும் வழி. ஒன்றில் குழுவில் இருப்பவர் மட்டும் எழுதலாம், அல்லது கணக்கு வைத்திருக்கும் எவரும் நேராக எழுதலாம், நடுவில் வழியில்லை. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: 500 நட்சத்திரத்துக்குக் (பயனர்கள் இடும் விருப்பக்குறி) குறைந்த திட்டங்களின் விக்கியைத் தேடுபொறிகள் பட்டியலிடுவதில்லை, அதற்கு மேல் இருந்தாலும் எவரும் திருத்தலாம் என்று திறந்துவிட்டிருந்தால் பட்டியலிடுவதில்லை. தோட்டத்துச் செயலிக்கு 500 நட்சத்திரம் எந்தக் காலத்தில் வரும்? 'அரைப்பேர் எப்படிக் கணக்கிடுவது' என்று கூகுளில் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் இல்லாததுபோலத்தான்.

விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியைச் சொந்தமாக நிறுவலாம். தனி சர்வர், டேட்டாபேஸ், நீண்டகாலப் பதிப்பு ஒன்றுக்கு மூன்று ஆண்டு ஆதரவு, அது முடிவதற்குள் அடுத்த பதிப்புக்கு மாற்ற ஒரு ஆள். இதையெல்லாம் தாண்டி இரண்டு பகைவர்கள். முதலாவது ஸ்பாம். கணக்கில்லாமல் எழுதலாம் என்று திறந்த விக்கிக்குள் மருந்து விளம்பரம் வந்து விழுவதற்கு அதிக நாள் எடுக்காது. பதிவு செய்யும்போது தமிழில் ஒரு உள்ளூர்க் கேள்வி கேட்டால் கொஞ்சம் தடுக்கலாம்: ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் போகும் பஸ் நடுவில் எந்த டவுனைத் தொடும்? தலவாக்கலை என்று எழுதத் தெரியாதவருக்கு இந்தக் கையேட்டில் வேலையும் இல்லை. ஆனால் இப்போதைய பொறிகளுக்கு அதுவும் தெரிந்திருக்கும், ஆகவே புதியவரின் முதல் திருத்தத்தை யாராவது பார்த்துத்தான் விட வேண்டும். இரண்டாவது பகை டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மாதம் 5 டொலர் சர்வர் 1,000 ரூபாவிலிருந்து 1,800 ஆனது. ஒருவர் தன் அட்டையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒருவரின் பொறுமைதான் கையேட்டின் ஆயுள்.

டேட்டாபேஸ் வேண்டாம் என்பவர்களுக்கு டோக்குவிக்கி நல்ல தேர்வு. பக்கங்கள் வெறும் எழுத்துக் கோப்புகள், பழைய பதிப்புகள் வேறொரு கோப்புறையில் சுருக்கிய கோப்புகள், முழுவதையும் பென் டிரைவில் நகலெடுத்தால் அதுவே காப்புப் பிரதி. தமிழில் மட்டும் ஒரு கண்ணிவெடி உண்டு. இயல்பு அமைப்பில் அது பக்கப் பெயரை இணைய முகவரி பாணியில் சதவீதக் குறியாக்கி வட்டில் எழுதும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், குறியாக்கினால் 9 எழுத்து. 'தினக்கூலியைக் கணக்கிடும் முறை' என்று பக்கத்துக்குப் பெயர் வைத்தால் 27 குறியீடு, இரண்டு அடிக்கோடு, ஆக 245. கோப்பின் பின்னொட்டு 4 சேர்ந்து 249. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு உச்சம் 255 பைட், தப்பித்துவிட்டது. ஆனால் பழைய பதிப்பைச் சேமிக்கும்போது நேரமுத்திரையும் சுருக்கக் கோப்பின் பின்னொட்டும் சேர்ந்து இன்னும் 14 கூடும், 263. பக்கம் இருக்கும், அதன் வரலாறு சேராது. யாராவது பக்கத்தைக் கெடுத்துவிட்டு, பழையதை மீட்கப் போகும் அன்றைக்குத்தான் இது தெரியவரும். குறியாக்க அமைப்பைப் பக்கங்கள் எழுதத் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடலாம். அதைவிட எளிய வழி, கோப்புக்குச் சின்ன ஆங்கிலப் பெயர், தலைப்பு மட்டும் தமிழில். எந்த இடத்துக்குப் போனாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். கிட்டில் தமிழ்க் கோப்புப் பெயரை வைத்தால், பட்டியலில் பெயருக்குப் பதில் பின்சாய்கோடும் 340, 256 என்ற எண்களும் வரிசையாக வந்து நிற்கும். அதை அணைக்க ஓர் அமைப்பு இருக்கிறது, ஆனால் ஒவ்வொருவரும் தன் கணினியில் தனித்தனியாக அணைக்க வேண்டும்.

இலவசமாக விக்கி கொடுக்கும் தளங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கூகுள் கோட் 2015 மார்ச்சில் மூடுவிழா அறிவித்து 2016 ஜனவரியில் மூடியது. விக்கிஸ்பேசஸ் 2018ல் போனது. மிராஹீஸ் 2023ல் மூடப்போவதாக அறிவித்து, பிறகு ஆள் சேர்ந்து பிழைத்தது. எந்த இடமும் நிரந்தரமில்லை, ஆகவே வரும்போதே போகும் வழியைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

கடைசியில் ரீட் த டாக்ஸ், கிட்ஹப் பேஜஸ், கோட்பெர்க் பேஜஸ் என்ற வகை. மூலம் கிட்டில் எழுத்துக் கோப்புகளாக இருக்கும், ஒரு கருவி அதை இணையப் பக்கமாகக் கட்டும். நிரலாளர்கள் எல்லோரும் இதன் பக்கம். கிட்ஹப் பேஜஸில் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதத்துக்கு 100 ஜிபி வரை போக்குவரத்து, ஒரு சின்னத் திட்டம் அந்த எல்லையை எட்டிக்கூடப் பார்க்காது. ரீட் த டாக்ஸ் விளம்பரம் போடும், பதிலுக்குப் பதிப்பு வாரியாகவும் மொழி வாரியாகவும் பிரித்துத் தரும், பிடிஎஃப், ஈபப், இணையமில்லாமல் படிக்கும் பொதி ஆகியவற்றையும் கட்டித் தரும். உடையும் இடம் வாசலில். ஒரு வரியைத் திருத்த மின்னஞ்சல் வேண்டும், கணக்கு வேண்டும், இரண்டாம் கட்ட உறுதிப்பாட்டுக்கு ஒரு செயலி வேண்டும், பிறகு பென்சில் குறி, நகல், கமிட் (மாற்றத்தைப் பதிதல்), புல் ரிக்வெஸ்ட். ஃபோன் தொலைந்தால் மீட்புக் குறிகளை எங்கே எழுதி வைத்தோம் என்று தேட வேண்டும். வளைவில் பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடத்தில் இது முடிகிற காரியமா?

ஒரு எண் மாறும்போது

சண்டையை விட்டுவிட்டு, ஒரே ஒரு திருத்தத்தைத் தொடர்ந்து போய்ப் பார்ப்போம். கையேட்டில் சம்பளக் கணக்குப் பக்கம் ஒன்று இருக்கிறது. நாட்சம்பளம் 2021ல் 1,000 ரூபா (900 அடிப்படை, 100 வரவு செலவு நிவாரணப் படி). 2024 மே மாதத்துக்கு 1,700 என்று வர்த்தமானி வந்து, வழக்குப் போய், செப்டம்பரில் 1,350 ஆனது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் முன்மொழியப்பட்டன. ஒரே பக்கத்தில் நான்கு ஆண்டில் இத்தனை எண். அதோடு தொங்கும் கணக்குகள்: 25 நாள் வேலை என்றால் 1,350 வீதம் 33,750, தொழிலாளியின் சேமலாப நிதி 8 சதவீதம் 2,700, தோட்டத்தின் பங்கு 12 சதவீதம் 4,050, நம்பிக்கை நிதி 3 சதவீதம் 1,012 ரூபா 50 சதம். நாட்சம்பள எண் மாறினால் எல்லாம் மாறும்.

1,350 வந்த நாட்களில் கையேட்டில் இன்னும் 1,000 என்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் பார்ப்பது சங்க ஆபீஸ் அக்கா. அவர் என்ன செய்வார்? பென்சில் குறியைத் தேடமாட்டார். விக்கி என்றாலும் உள்நுழையமாட்டார். வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்புவார்: 'தம்பி, அந்த சம்பளப் பக்கத்துல ஆயிரம்னு கெடக்கு. அது பழசு, இப்ப ஆயிரத்து முன்னூத்தம்பதுதானே. மாத்திவிடுங்க.' அவ்வளவுதான். விஷயம், இடம், சரியான எண், எல்லாம் அதில் இருக்கிறது. உலகத்திலேயே நல்ல பிழை அறிக்கை அதுதான். அது குழுவில் விழுந்து, அதன் மேல் நாற்பது 'காலை வணக்கம்' விழுந்து, மறைந்துபோகும்.

இங்கேதான் வழக்கின் முடிச்சு இருக்கிறது. விக்கி கேட்டவர் வாசலைப் பற்றிப் பேசுகிறார். கிட் கேட்டவர் வீட்டைப் பற்றிப் பேசுகிறார். எங்கே வைப்பது என்ற ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கிடக்கின்றன: திருத்தம் எந்த வழியாக உள்ளே வரும், எழுத்து எங்கே குடியிருக்கும். லயத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், யாரும் வந்து உட்காரலாம், கேட்காமல் உட்காரலாம், சாமான்கள் இருப்பது காம்பராவில், உள்ளறையில். முழு வீட்டையும் இஸ்தோப்பாக்கினால் விக்கி, இஸ்தோப்பை இடித்துவிட்டுக் கதவில் பூட்டுப் போட்டால் கிட். இரண்டையும் ஒரே சேவையில் தேடுவதால்தான் எந்தச் சேவையும் பொருந்துவதில்லை.

பிரித்துவிட்டால் இரண்டுமே எளிது. காம்பராவுக்கு மூன்று நிபந்தனை போதும்: எழுத்து வெறும் மார்க்டவுனாக இருக்க வேண்டும், வரலாறு ஒவ்வொரு வரிக்கும் இருக்க வேண்டும், மொத்தத்தையும் ஒரே கட்டளையில் தூக்கிக்கொண்டு போக முடிய வேண்டும். கிட் களஞ்சியம் மூன்றையும் தரும். அது கிட்ஹப்பா கோட்பெர்க்கா என்பது அப்புறம். கோட்பெர்க் பெர்லினில் பதிவான இலாப நோக்கற்ற சங்கம் நடத்துவது, மொழிபெயர்ப்புக்கு வெப்லேட்டும் அங்கே உண்டு. கொள்கைக்கு அது நல்லது, பங்களிக்க வரும் மாணவர்களுக்கு ஏற்கெனவே கணக்கு இருப்பது கிட்ஹப்பில். சின்னக் குழுவென்றால் கிட்ஹப்பில் வைத்து, கோட்பெர்க்கில் கண்ணாடிப் பிரதி (அப்படியே ஒரு நகல்) ஒன்று போடுவதே நடைமுறை. நிரலாளருக்கான குறிப்புகள் நிரல் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கட்டும், பயனருக்கான கையேடு தனிக் களஞ்சியத்தில். ஒரே இடத்தில் வைத்தால், எழுத்துப்பிழை திருத்த வந்தவர் நிரலின் தானியங்கிச் சோதனைகள் சிவப்பாக எரிவதைப் பார்த்து ஓடிவிடுவார்.

இஸ்தோப்பை எப்படிப் போடுவது

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பிழை சொல்ல' என்று ஒரு இணைப்பு. அதை அழுத்தினால் வாட்ஸ்அப் திறந்து, செய்திப் பெட்டியில் பக்க எண்ணும் பதிப்புத் தேதியும் முன்கூட்டியே நிரம்பியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பின் நேரடி இணைப்பு முகவரியில் இதற்கு வழி இருக்கிறது. நிரப்பும் செய்தியைச் சுருக்கமாக வையுங்கள், ஏனென்றால் தமிழ் எழுத்து முகவரிக்குள் ஒன்பது மடங்காகும் கதை இங்கேயும் உண்டு. 'ப14, 2025-11' போதும், மிச்சத்தை அவர் குரலில் சொல்லட்டும். எண் யாருடைய சொந்த எண்ணாகவும் இருக்கக்கூடாது. திட்டத்துக்கென்று ஒரு சிம் எடுத்து, கைமாறக்கூடியதாக வையுங்கள்.

வாட்ஸ்அப்பை மட்டும் நம்பவும் கூடாது. 2018 மார்ச்சில் திகனக் கலவரத்தின்போது அதை முடக்கினார்கள், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் முடக்கினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பாதை, கரண்ட், சிக்னல் மூன்றும் சேர்ந்தே போன இடங்கள் உண்டு. ஆகவே இன்னொரு இஸ்தோப்பு தாளில். கையேட்டின் அச்சுப் பிரதியில் வலப்பக்க ஓரத்தை 4 சென்டிமீற்றர் வெறுமையாக விட்டு, பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்று அடியில் ஒரு வரி. மாதம் ஒருமுறை அந்தப் பக்கங்களை ஃபோனில் படமெடுத்து அனுப்பினால் போதும்.

இஸ்தோப்பில் விழுவதைக் காம்பராவுக்குள் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும். வார முறை வைத்து ஒருவர். செய்தியை முதலில் களஞ்சியத்தில் பிழைப் பதிவாக எழுதி, திருத்தி, கமிட் செய்து, அனுப்பியவருக்கு 'மாத்தியாச்சு அக்கா, இப்ப பாருங்க' என்று ஒரு பதில். பதில் போடாவிட்டால் இரண்டாவது திருத்தம் வராது. மூன்று நாளுக்கு மேல் கிடப்பில் போடக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். அனுப்பியவரின் பெயரைக் கமிட்டில் இணையாசிரியராகப் போடுவதா? போட முடியும், ஆனால் கேட்டுவிட்டுப் போடுங்கள். சம்பளக் கணக்கைச் சரிபார்க்கும் செயலிக்கு உதவினார் என்பது தோட்டத்தில் வேலைசெய்யும் ஒருவருக்குப் பெருமையாகவும் இருக்கலாம், வம்பாகவும் இருக்கலாம். கிட் வரலாற்றில் ஏறிய பெயரை இறக்குவது லேசான காரியமில்லை.

வாரக்காரர் கையில் ஒரு சரிபார்ப்புப் பழக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் வரும் எழுத்து சுத்தமாக வராது. கொமியூனிகேஷன் கடையிலோ ஆபீஸிலோ அடித்த வேர்ட் கோப்பு பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். திரையில் 'தமிழ்' என்று தெரியும், அடியில் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்கும்போது இடையில் கலந்திருக்கும் நிஜ ஆங்கிலச் சொற்களும் தமிழாகிச் சிதறும், அவற்றைக் கையால் மீட்க வேண்டும். அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழை: 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் அடிக்கலாம், எகரக் குறியும் காலும் சேர்த்து இரண்டாகவும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு வேறு சொல். கமிட்டுக்கு முன் எல்லாக் கோப்பையும் ஒரே இயல்வடிவத்துக்கு மாற்றும் சின்ன நிரல் பைத்தானில் பத்து வரிக்கு மேல் போகாது. காலும் ரகரமும் இடம் மாறிக் கிடப்பதை மட்டும் அந்த நிரல் பிடிக்காது, கண்தான் பிடிக்க வேண்டும்.

தேடல் என்றதும் கருவித் தேர்வு வந்துவிடுகிறது. மார்க்டவுனை இணையப் பக்கமாகக் கட்ட ஸ்பிங்ஸ், எம்கேடாக்ஸ் என்று இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்வோம். ஸ்பிங்ஸின் தேடல் சொற்களைப் பிரிக்கும் முறையில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்தாகக் கணக்கில் வருவதில்லை. 'கொழுந்து' அதற்கு க, ழ, ந, த என்ற நாலு துண்டு. நாலும் இல்லாத தமிழ்ப் பக்கம் எங்கே இருக்கிறது? எம்கேடாக்ஸில் மெட்டீரியல் தோற்றத்தின் தேடலுக்குத் தமிழ் தெரியும், தேடல் மொழியில் தமிழைச் சேர்க்க மறக்கக்கூடாது. ஆனால் பென் டிரைவில் நேராகத் திறந்தால் நிலைமை தலைகீழ்: ஸ்பிங்ஸின் தேடல் சர்வர் இல்லாமலும் ஓடும், எம்கேடாக்ஸின் இயல்பான தேடல் ஓடாது, இணைப்புகள்கூடக் கோப்புறையில் போய் நிற்கும். கோப்புறைப் பாணி முகவரியை அணைத்து, இணையமில்லாப் பதிப்புக்கான செருகுநிரலையும் போட வேண்டும். ஸ்பிங்ஸ்காரர்கள் பிடிஎஃப் கட்டும்போது இயல்பான லேடெக் பொறியை ஸீலேடெக்காக மாற்றி, தமிழ் எழுத்துருவின் பெயரையும் கொடுக்க வேண்டும். அறுபது பக்கக் கையேட்டுக்கு நல்ல பொருளடக்கம் இருந்தால் தேடலே வேண்டாம் என்பது என் கட்சி. மெட்டீரியல் 2025 நவம்பரில் பராமரிப்பு நிலைக்குப் போனதையும் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். மார்க்டவுனில் அலங்காரம் குறைவாக இருந்தால் நாளைக்கு வேறு கருவிக்கு மாறுவது ஒரு பின்னேர வேலை.

அந்த நாட்சம்பள எண்ணைக் கையேடு முழுவதும் கையால் எழுதிவைக்காமல் ஒரே தரவுக் கோப்பில் வைத்து, மற்ற இடங்களில் மாறியாகக் கூப்பிடுங்கள். இரண்டு கருவியிலும் வழி உண்டு. அப்படிச் செய்தும் தப்பும் இடம் திரைப்பிடிப்புகள். செயலியின் திரையைப் பிடித்துப் போட்ட படத்துக்குள் 1,000 என்று இருந்தால் எந்த மாறியும் அதைத் தொடாது. படங்களில் எண் தெரியாதபடி வெட்டுங்கள், அல்லது யாரும் நம்பாத 111 போன்ற எண்ணைப் போட்டுப் பிடியுங்கள். அகலம் 720 புள்ளிக்குக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால், படங்களோடு ஒரு பக்கத்தை 200 கேபிக்குள் அடக்கலாம். வெப் எழுத்துரு ஏற்ற வேண்டாம், ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. ரீலோட் போட்டுப் படிக்கிறவருக்கு ஒவ்வொரு எம்பியும் காசு.

முகவரியும் உரிமமும் தள்ளிப்போடக்கூடாத இரண்டு. சொந்த டொமைன் ஒன்று வாங்கி அதன் கீழ் கையேட்டை வைத்தால், உள்ளே கிட்ஹப் இருந்தாலும் கோட்பெர்க் இருந்தாலும் அச்சிட்ட தாளில் இருக்கும் முகவரி மாறாது. புதுப்பிக்கும் பொறுப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். தளத்தை ஓரிடத்திலிருந்து எடுத்த பிறகு பெயர்ப் பதிவு மட்டும் அந்தப் பக்கமே காட்டிக்கொண்டிருந்தால் வேறொருவர் வந்து அதில் குடியேறலாம், ஆகவே டொமைனைத் தளத்தில் உறுதிப்படுத்திவிட்டு, இடம் மாறும் அன்றே பழைய பதிவை அழியுங்கள். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். நூறு பேர் எழுதிய பிறகு ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க முடியாது. மாதக் கடைசியில் முழுக் கண்ணாடிப் பிரதி ஒன்று பென் டிரைவில். அதில் பிழைப் பதிவுகள் வராது, அவற்றைத் தனியாக இறக்க வேண்டும்.

அச்சுப் பிரதிக்கு ஏ4 தாளை இரண்டாக மடித்த அளவு போதும், போட்டோகொப்பிக்கும் செலவு பாதி. ஒவ்வொரு பக்க அடியிலும் பதிப்புத் தேதி தானாக விழும்படி கட்டமைப்பில் போட்டுவிடுங்கள், கையால் எழுதினால் மறந்துபோகும். சம்பளப் பக்கத்தை மட்டும் தனித் தாளாக எடுத்துப் பிரட்டுக்களத்துக்குப் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) பக்கத்தில் ஒட்டுகிறவர்கள் பழையதைக் கிழித்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். மேலேயே ஒட்டினால் ஜூன் மழைக்கு மேல்தாள் உரிந்து, 1,000 ரூபா மறுபடியும் வெளியே வந்துவிடும்.